மூவர் வகித்த ஸ்தானம்

யார்ட்பேர்ட்ஸ் என்று பெயர் பூண்ட ஆங்கிலேய ராக் கோஷ்டி 1963 முதல் 1968 வரை ஐந்து ஆண்டுகளே ஜீவித்திருந்தது என்றாலும், அதற்குள் அதன் பிரதான கித்தார் வாசிக்கும் ஸ்தானத்தை எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக், ஜிம்மி பேஜ் என்னும் மூவர் அடுத்தடுத்து வகித்ததும், பின்னாளில் அம்மூவருமே உலகத்தின் தலைசிறந்த கித்தார் வித்வான்களின் வரிசையில் வைத்து எண்ணப்பட்டதும், கோஷ்டி கலைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர்களில் சிறந்தவர் யார் என்ற வியவகாரத்தைத் தீராத வழக்காக நிலைநிறுத்திவிட்டன. ஒரே கோஷ்டியில் ஒரே ஸ்தானத்தை இத்தகைய மூவர் வகித்த இன்னோர் உதாரணம் ராக் சங்கீதத்தில் எனக்கு அகப்படவில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டே போவதற்கு ஒரு காரணம், வாதாடுகிறவர்கள் வேறு வழக்குகளின் சாட்சிகளை இங்கே அழைத்து வருவதுதான். கிளாப்டனுக்காகப் பேசுகிறவர் க்ரீம் கோஷ்டியின் இசைத்தட்டுகளை எடுத்து வைக்கிறார். பேஜுக்காகப் பேசுகிறவர் லெட் ஸெப்பலின் என்று உச்சரித்த மாத்திரத்தில் எதிர்வாதத்துக்கு இடமில்லாமல் போய்விட்டதாக நினைக்கிறார். பெக்கின் அபிமானியோ 1975-இல் வெளிவந்த, வாய்ப்பாட்டே இல்லாத ‘ப்ளோ பை ப்ளோ’ இசைத்தட்டைச் சுழலவிட்டு விட்டு, அதற்கு மேல் பேசுவதே அநாவசியம் என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார். இவையெல்லாம் உயர்ந்த சங்கீதம் என்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆயினும் யார்ட்பேர்ட்ஸ் கோஷ்டியின் சிறந்த கித்தார் வித்வான் யார் என்பதுதான் கேள்வியானால், அந்த ஸ்தானத்தில் இருந்தபோது அவரவர் என்ன செய்தார் என்பதைக் கொண்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரு மனிதனுடைய வாழ்நாள் சம்பாத்தியம் முழுவதையும் தராசில் ஏற்றுவது நியாயமாகாது. கிளாப்டனுக்கு அந்த ஸ்தானத்தில் பதினேழு மாதங்களும், பெக்குக்கு இருபது மாதங்களும், பேஜ் தனித்து நின்ற காலம் என்று பார்த்தால் அவருக்கும் ஏறக்குறைய இருபது மாதங்களும் கிடைத்திருப்பதால், விதியே பாரபட்சமின்றி அவகாசம் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது என்று சொல்லலாம்.

மூவரும் லண்டனுக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் பரவிக் கிடக்கும் சர்ரே ஜில்லாவின் பிள்ளைகள். கிளாப்டன் 1945-இல் ரிப்ளி கிராமத்தில் பிறந்தார். பெக் 1944-இல் வாலிங்டனில் பிறந்தார். அதே ஆண்டில் ஹெஸ்டனில் பிறந்த பேஜ் சிறு வயதிலேயே எப்ஸம் நகரத்துக்குக் குடிவந்தவர். மூவரும் சித்திரக் கல்லூரிகளின் படிகளை மிதித்தவர்கள். கிளாப்டன் கிங்ஸ்டனிலும், பெக் விம்பிள்டனிலும், பேஜ் ஸட்டனிலும். பாடசாலைப் பரீட்சைகளில் சோபிக்காத, ஆனால் கையில் ஏதோ ஒரு வித்தை இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட பிள்ளைகளை அக்காலத்து பிரிட்டன் இக்கல்லூரிகளுக்கு அனுப்பிவைத்தது. அவர்கள் அங்கே சித்திரம் கற்றுக்கொண்டதைக் காட்டிலும் ஒருவர் வைத்திருந்த இசைத்தட்டை மற்றொருவர் இரவல் வாங்கிக் கேட்பதைத்தான் சிரத்தையாகச் செய்தார்கள். யுத்தத்துக்குப் பிந்திய டாலர் நெருக்கடியால் அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதிக்கு 1951-இல் விதிக்கப்பட்ட தடை 1959-இல் நீங்கி, ஃபெண்டர், கிப்ஸன் கித்தார்கள் லண்டன் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கத் தொடங்கின. கட்டாய ராணுவ சேவைக்கு ஆள் எடுப்பதும் 1960-ஓடு நின்றது. வாத்தியமும் கிடைத்து, இரண்டு வருஷப் பட்டாளத்து வாழ்க்கையும் தலையிலிருந்து இறங்கியதால், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இரவு முழுவதும் வாசித்துக்கொண்டிருக்க முடிந்தது.

அவர்கள் வாசித்தது சொந்த நாட்டு சங்கீதமன்று. மிஸிஸிப்பியின் பருத்திக் கழனிகளில் பிறந்து, சிகாகோவின் தொழிற்சாலைப் பேட்டைகளுக்குக் குடிபெயர்ந்து, அங்கே மின்சாரம் ஏறிக் கரகரத்த புளூஸ் அது. அமெரிக்காவின் வெள்ளையர்கள் பெரும்பாலோர் திரும்பிப் பாராத மட்டி வாட்டர்ஸ், ஹௌலின் உல்ஃப் முதலிய கறுப்பின வித்வான்களை, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு இப்பாலிருந்த சர்ரேயின் பிள்ளைகள் குருஸ்தானத்தில் வைத்து ஏகலைவர்களாகப் பயின்றார்கள். 1962-இல் அமெரிக்க புளூஸ் வித்வான்கள் மான்செஸ்டரில் கச்சேரி செய்தபோது, அவர்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று லண்டனிலிருந்து பிரயாணம் செய்த இளைஞர்களில் பேஜும் ஒருவர்.

யார்ட்பேர்ட்ஸ் கோஷ்டி இந்தச் சூழ்நிலையில் தோன்றியது. கீத் ரெல்ஃப் பாடி மௌத் ஆர்கன் வாசித்தார். பால் ஸாம்வெல்-ஸ்மித் பாஸ் கித்தார். கிறிஸ் டிரெஜா தாளக் கித்தார். ஜிம் மெக்கார்ட்டி டிரம். பிரதான கித்தாரை வாசித்தவர் டாப் டோபம் என்ற பதினாறு வயதுப் பையன். கோஷ்டிக்குக் கச்சேரிகள் பெருகி, தொழிலாக ஏற்க வேண்டிய நிலை வந்தபோது, படிப்பை விட்டுவிட்டு இரவுதோறும் கித்தார் வாசிக்க அவருடைய பெற்றோர் சம்மதிக்கவில்லை. அவர் விலகிய இடத்தில் 1963 அக்டோபரில் கிளாப்டன் வந்து சேர்ந்தார். மூவர் வழக்கில் நாலாமவராகக் கூட யாரும் சேர்த்துக்கொள்ளாத டோபமுடைய பெற்றோர் செய்த அந்த முடிவு, பெற்றோர் என்ற முறையில் சரியானதுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாய்ப்பாட்டுக்கு அனுசரணையாக நின்று, இடையில் பன்னிரண்டு தாளக்கட்டு வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பக்கவாத்தியக்காரராகவே அதுவரை கித்தார்க்காரர் பெரும்பாலும் இருந்தார். பாடகரே இல்லாத ஷாடோஸ் கோஷ்டியின் ஹேங்க் மார்வின் ஒருவரைத்தான் பிரிட்டனில் இதற்கு விலக்காகச் சொல்ல வேண்டும். யார்ட்பேர்ட்ஸ் கோஷ்டியில் கித்தார் பிரதான ஸ்தானத்துக்கு ஏறியதற்கு, கித்தார்க்காரர்களின் மேதைமையோடு பாடகரின் சரீரத்தையும் ஒரு காரணமாகக் கொள்ள வேண்டும். ரெல்ஃபுக்குச் சிறு வயது முதல் ஆஸ்துமா. கோஷ்டி ஏற்படுவதற்கு முன்பும் பின்பும் அந்த நோயால் அபாயகரமான கட்டங்களைக் கண்டவர். இரவு முழுவதும் தொண்டையைக் கொண்டே சபையைக் கட்டிப்போடுகிற வல்லமை அவருக்கு இல்லை. ஆகவே பாட்டின் நடுவில் பாடகர் நிறுத்திக்கொள்ள, பாஸ் கித்தாரும் டிரம்மும் ஒரே பிரயோகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து விசையேற்றி, சபையோரின் நாடித்துடிப்பை உச்சத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மீண்டும் பாட்டுக்குள் இறங்கும் முறையொன்று இக்கோஷ்டியில் வளர்ந்தது. ‘ரேவ்-அப்’ என்று அவர்கள் அழைத்த அந்த விஸ்தாரத்தில், பாடகர் விட்டுக்கொடுத்த இடம் முழுவதும் பிரதான கித்தாருக்குச் சொந்தமாயிற்று. பின்னால் வந்த மூவரும் கீர்த்தி பெற்றது இந்தக் காலியிடத்தில் குடியேறித்தான்; ரெல்ஃபின் நெஞ்சு திடமாக இருந்திருந்தால் இன்று நமக்கு விவாதம் செய்ய விஷயமே இருந்திராது.

கோஷ்டியின் நிர்வாகி ஜார்ஜியோ கொமெல்ஸ்கி. ஜார்ஜியாவின் திபிலிஸியில் பிறந்து ஐரோப்பா முழுவதும் திரிந்து லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். ரிச்மண்டில் அவர் நடத்திய கிராடாடி கிளப்பில் வாரந்தோறும் வாசித்துவந்த ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டி பிரசித்தியடைந்து அவர் கையை விட்டுப் போய்விட, அந்த இடத்தை யார்ட்பேர்ட்ஸுக்குக் கொடுத்தார். கிளாப்டன் வாசிக்கும்போது தந்தி அறுந்துபோவது வழக்கம். அவர் மேடையிலேயே நின்று புதுத் தந்தி மாட்டும்வரை சபையோர் நிதானமாகக் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கைதட்டலை வைத்துத்தான் கொமெல்ஸ்கி அவருக்கு ‘ஸ்லோஹேண்ட்’ என்ற விளையாட்டுப் பெயரைச் சூட்டினாராம். 1963 டிசம்பரில் அமெரிக்க முதுபெரும் வித்வான் ஸன்னி பாய் வில்லியம்ஸனுக்கு இப்பிள்ளைகள் பக்கவாத்தியம் வாசித்தார்கள். 1964 மார்ச்சில் மார்க்கீ கிளப்பில் நடந்த கச்சேரி ‘ஃபைவ் லைவ் யார்ட்பேர்ட்ஸ்’ என்ற பெயரில் அவ்வருஷக் கடைசியில் இசைத்தட்டாயிற்று. அதைக் கேட்டால் கிளாப்டனின் குணமும் குறையும் சேர்ந்தே புலனாகும். சுத்தமான ஸ்வரஸ்தானமும், சொல்ல வந்ததைச் சுருங்கச் சொல்லும் கண்ணியமும் அவரிடம் இருக்கின்றன. சம்பிரதாயத்தை விட்டு ஓர் அடி நகர்ந்தாலும் குருத்துரோகமாகிவிடும் என்ற பயமும் கூடவே இருக்கிறது.

அந்த சம்பிரதாய பக்திதான் அவரைக் கோஷ்டியை விட்டு வெளியேற்றியது. மான்செஸ்டரைச் சேர்ந்த கிரஹாம் கௌல்ட்மன் என்ற இளைஞர் எழுதிய ‘ஃபார் யுவர் லவ்’ என்னும் பாட்டை, ஹார்ப்ஸிகார்ட் வாத்தியத்தையும் போங்கோ மேளத்தையும் முன்னுக்கு வைத்து 1965-இல் கோஷ்டி ஒலிப்பதிவு செய்தது. நடுவே வருகிற சில விநாடிகளைத் தவிரக் கிளாப்டனுக்கு அதில் வேலை இல்லை. அப்பாட்டு விற்பனையில் பிரிட்டனில் மூன்றாம் இடத்தையும் அமெரிக்காவில் ஆறாம் இடத்தையும் பிடித்தது. அது கடைகளுக்கு வந்த அதே மார்ச்சு மாதத்தில், இருபதாவது பிறந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்த கிளாப்டன், இனி இது புளூஸ் கோஷ்டி அன்று என்று விலகிவிட்டார். அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில், பாட்டில்லாத வெறும் வாத்திய உருப்படியாக அவர் வாசித்த ‘காட் டு ஹர்ரி’ இருக்கிறது. இக்கோஷ்டியில் அவருடைய தகுதிக்கு நான் ஒரே ஒரு சாட்சியைத்தான் அழைக்கலாம் என்றால் அதையே அழைப்பேன். அவருடைய மகிமை பூரணமாக வெளிப்பட்டது, ஜான் மேயாலின் கோஷ்டியோடு 1966-இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டில். அவரைத் தெய்வமென்று லண்டன் சுவரில் யாரோ பெயின்டால் எழுதிவைத்ததும் யார்ட்பேர்ட்ஸை விட்டு வந்த பிறகே. ஆகவே அந்தச் சுவரெழுத்து நம் வழக்கில் செல்லாது.

காலியான ஸ்தானம் முதலில் பேஜுக்குத்தான் அளிக்கப்பட்டது. சிறுவனாக பி.பி.சி. தொலைக்காட்சியில் தோன்றி, பெரியவனானதும் உயிரியல் ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்ன அவர், அதற்குள் லண்டன் ஸ்டூடியோக்களில் கூலிக்கு வாசிக்கும் கித்தார்க்காரர்களில் முன்வரிசைக்கு வந்து, கை நிறையச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். கிளாப்டனோடு சிநேகமும் உண்டு. ஊர் ஊராக வேனில் அலையும் கஷ்ட ஜீவனம் தமக்கு வேண்டாமென்று மறுத்து, தம் பால்ய நண்பர் பெக்கின் பெயரைச் சொல்லி அனுப்பினார். அந்த உபகாரத்துக்கு நன்றியாகப் பின்னால் பெக் அவருக்கு ஒரு டெலிகாஸ்டர் கித்தாரைப் பரிசளித்தார். பேஜ் அதன்மேல் ஒரு டிராகனைச் சித்திரமாகத் தீட்டிக்கொண்டு, லெட் ஸெப்பலினின் முதல் இசைத்தட்டில் அதைக் கொண்டே வாசித்தார் என்பது, சித்திரக் கல்லூரிப் படிப்பும் முற்றிலும் வீண்போகவில்லை என்பதற்கு அத்தாட்சி.

பெக் வந்த பின் கோஷ்டியின் சங்கீதம் வேறு பூமியில் கால் வைத்தது. கௌல்ட்மன் எழுதிய அடுத்த பாட்டான ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் ஸோல்’ ஒலிப்பதிவுக்கு, அதன் பல்லவியின் முகப்பில் வரும் சஞ்சாரத்தை வாசிப்பதற்காக ஒரு ஸிதார் வித்வானையும் தபலா வித்வானையும் அமர்த்தியிருந்தார்கள். ராக் கோஷ்டியின் முழக்கத்துக்கு நடுவில் ஸிதாரின் நாதம் மெலிந்து தெரிந்தது. பெக், ஒலியை வேண்டுமென்றே கிழித்துக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டியைத் தம் கித்தாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் இணைத்து, வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதுபோல் இடக்கை விரலால் தந்தியை மெட்டின்மேல் வளைத்து, அதே சஞ்சாரத்தை வாசித்தார். ஸிதாரின் சாயல் குலையாமல், ஸிதாருக்கு இல்லாத உக்கிரமும் அதில் சேர்ந்தது. 1965 ஜூனில் வெளிவந்த அந்தப் பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. பீட்டில்ஸ் கோஷ்டியின் ஜார்ஜ் ஹாரிஸன் அசல் ஸிதாரையே வாசித்த ‘நார்வீஜியன் வுட்’ வெளியாவதற்கு ஆறு மாதங்களுக்கு முந்திய சம்பவம் இது. மேல்நாட்டு ராக் சங்கீதத்துக்குள் ஸிதாரின் நாதம் புகுந்த கதையைச் சொல்கிறவர்கள் ஹாரிஸனிலிருந்து ஆரம்பிப்பதும், ஸிதார் இல்லாமலே அந்த நாதத்தை வரவழைத்த பெக்கை மறந்துவிடுவதும் எனக்கு எப்போதும் மனக்குறை.

அதற்கு மேலும் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே கித்தாரைக் கொண்டுபோனால் எழும் ஊளையை அக்காலத்து ஒலிப்பதிவாளர்கள் கோளாறு என்று கருதினார்கள். பெக் அதை ஸ்வரமாக்கினார். 1966 பிப்ரவரியில் வெளிவந்த ‘ஷேப்ஸ் ஆஃப் திங்ஸ்’ பாட்டின் நடுவில், அந்த ஊளையை ஏற்றி இறக்கி வளைத்து அவர் வாசித்த இடத்தைக் கேட்கிறவர்களுக்கு, ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டனுக்கு வருவதற்கு ஏழு மாதங்கள் முன்பே அந்தப் பாதை வெட்டப்பட்டிருந்தது விளங்கும். கோஷ்டி அமெரிக்காவுக்குப் போனபோது, தங்கள் குருமார்கள் வாசித்த சிகாகோவின் செஸ் ஸ்டூடியோவிலும், மெம்ஃபிஸில் ஸாம் ஃபிலிப்ஸின் ஸ்டூடியோவிலும் ஒலிப்பதிவு செய்தார்கள். கிளாப்டன் ஆறு மாதம் பொறுத்திருந்தால் அந்த யாத்திரை அவருக்கும் கிடைத்திருக்கும். பெக் காலத்துக் கோஷ்டியின் முழு இசைத்தட்டு 1966 ஜூலையில் வெளிவந்தது. அட்டைமேல் டிரெஜா தங்கள் ஒலிப்பதிவாளரைக் கேலிச்சித்திரமாக வரைந்து வைத்ததால், அதற்கு ‘ரோஜர் தி இன்ஜினியர்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. கோபக்காரர், வாத்தியத்தின்மேலும் ஆம்ப்ளிஃபயரின்மேலும் ஆத்திரத்தைக் காட்டுகிறவர், வியாதி என்று சொல்லிக் கச்சேரிக்கு வராமலிருப்பவர் என்று பெக்கின்மேல் சொல்லப்படும் புகார்களில் உண்மை உண்டு. ஆனால் அவை மேடை நிர்வாகியின் புகார்கள்.

1966 ஜூனில் ஸாம்வெல்-ஸ்மித் விலகவே, ஸ்டூடியோக் கூலி வேலையில் சலிப்புற்றிருந்த பேஜ், தமக்குப் பழக்கமில்லாத பாஸ் கித்தாரை ஏற்றுக்கொண்டு கோஷ்டியில் நுழைந்தார். ஆகஸ்டில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் பெக் நோயுற்றபோது பேஜ் பிரதான கித்தாருக்கு மாறினார். டிரெஜா பாஸுக்குப் போனார். பெக் மீண்டு வந்தபின் இரு பிரதான கித்தார்கள் ஒரே மேடையில் நின்றன. ரசிகர்கள் எண்ணி எண்ணி ஏங்குகிற சில மாதங்கள் அவை. அக்காலத்துச் சான்றாக ‘ஹேப்பனிங்ஸ் டென் இயர்ஸ் டைம் அகோ’ என்ற பாட்டும், அன்டோனியோனியின் ‘ப்ளோ-அப்’ திரைப்படத்தில் கோஷ்டி தோன்றும் காட்சியும்தான் பிரதானமாக மிஞ்சியிருக்கின்றன. தி ஹூ கோஷ்டியார் மேடையில் வாத்தியத்தை உடைப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த அந்த இத்தாலிய டைரக்டருக்கு அத்தகைய காட்சி வேண்டியிருந்தது. பெக் ஒரு மலிவுக் கித்தாரை அவருக்காக உடைத்துக் கொடுத்தார். இருவர் சேர்ந்து வாசித்த சங்கீதத்தைத் திரையில் பார்க்கக் கிடைத்த ஒரே அரிய சந்தர்ப்பம், உடைந்த மரத்துண்டுக்காக ஜனங்கள் அடித்துக்கொள்வதில் கழிகிறது. அவ்வருஷக் கடைசியில், அமெரிக்காவில் பஸ்ஸிலேயே இரவும் பகலும் ஓடும் சுற்றுப்பயணம் ஒன்றின் நடுவில், பெக் கோஷ்டியை விட்டுப் பிரிந்தார்.

எஞ்சிய காலம் பேஜுடையது. அதில் அவருக்கு வாய்த்த துரதிர்ஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஜனரஞ்சகமான சிறு பாட்டுகளிலேயே கண்ணாக இருந்த தயாரிப்பாளர் மிக்கி மோஸ்ட், 1967-இல் அவசர அவசரமாக முடித்த ‘லிட்டில் கேம்ஸ்’ இசைத்தட்டு அப்போது பிரிட்டனில் வெளியிடப்படவே இல்லை. அதிலும் ‘வைட் ஸம்மர்’ என்று, தந்திகளுக்கு வேறு சுருதி சேர்த்து, தபலாவின் துணையோடு பேஜ் வாசித்த உருப்படி ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. வயலின் வில்லைக் கொண்டு கித்தாரை இழைக்கும் வித்தையையும் அவர் இக்காலத்தில் மேடையேற்றினார். ஆனால் தி கிரியேஷன் கோஷ்டியின் எடி ஃபிலிப்ஸ் அதை அவருக்கு முன்பே செய்திருக்கிறார். 1968 மார்ச்சில் நியூயார்க்கின் ஆண்டர்ஸன் தியேட்டரில் நடந்த கச்சேரியைப் பின்னால் கம்பெனியார் இசைத்தட்டாக்கியபோது, எருதுச் சண்டை மைதானத்தின் ஆரவாரத்தைச் சபையோரின் கரகோஷமாக ஒட்டவைத்து வெளியிட்டார்கள். பேஜ் வழக்கறிஞர்களை ஏவி அதை நிறுத்தினார். பிறகு 2017-இல் தாமே அதைச் செப்பனிட்டு வெளியிட்டார். அதைக் கேட்டால் லெட் ஸெப்பலின் ஏற்கெனவே கருக்கொண்டிருப்பது தெரிகிறது. வேறொரு பாடகருக்காகவும் வேறொரு டிரம் வாசிப்பவருக்காகவும் அந்தக் கித்தார் காத்திருப்பதும் தெரிகிறது. 1968 ஜூலை 7-ஆம் தேதி லூட்டனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசிக் கச்சேரி நடந்தது. ஒப்புக்கொண்டிருந்த ஸ்காண்டிநேவியக் கச்சேரிகளை நிறைவேற்றப் புதியவர்கள் மூவரைச் சேர்த்துக்கொண்டு பேஜ் புறப்பட்டார். திரும்பி வந்தபின் அந்தக் கோஷ்டி லெட் ஸெப்பலின் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இந்தச் சாட்சியங்களைக் கேட்ட பிறகு என் தீர்ப்பு பெக்குக்குச் சாதகமானது. கிளாப்டன் கோஷ்டிக்கு முன்பிருந்த சங்கீதத்தைக் காப்பாற்ற அதில் நின்றார். பேஜ் கோஷ்டிக்குப் பின்வரப்போகும் சங்கீதத்துக்கு ஒத்திகை பார்க்க அதில் நின்றார். யார்ட்பேர்ட்ஸ் யார்ட்பேர்ட்ஸாகவே இருந்த காலத்துச் சங்கீதம் என்று நாம் எடுத்துக் காட்டக்கூடியவை பெரும்பாலும் பெக்கின் விரல்களிலிருந்து பிறந்தவை. கோஷ்டியின் தலைமைப் பொறுப்பையும் ஒழுங்கையும் அளவுகோலாகக் கொள்கிறவர்கள் பேஜைச் சொல்வார்கள். அவர்களோடு நான் மல்லுக்கு நிற்கமாட்டேன். சுவரெழுத்துக்காரர்களோடு நிற்பேன்.

மூவரும் ஒரே மேடையில் தோன்ற 1983 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்னும் நரம்பு நோயுற்ற ரானி லேன் என்ற வித்வானின் பொருட்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த தர்மக் கச்சேரியில் அது நிகழ்ந்தது. 1992-இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் கீர்த்தி மண்டபத்தில் யார்ட்பேர்ட்ஸைச் சேர்த்துக் கௌரவித்தபோது பெக்கும் பேஜும் வந்தார்கள், கிளாப்டன் வரவில்லை, 1976-இல் வீட்டில் மின்சாரக் கித்தாரை வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி மாண்ட ரெல்ஃப் வர இயலவில்லை. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை கித்தார் வித்வான்களை வரிசைப்படுத்தி 2011-இல் வெளியிட்ட ஜாபிதாவில் கிளாப்டன் இரண்டாமவர், பேஜ் மூன்றாமவர், பெக் ஐந்தாமவர். அதே பத்திரிகை 2023-இல் வெளியிட்ட ஜாபிதாவில் பேஜும் பெக்கும் அந்த இடங்களிலேயே இருக்க, கிளாப்டன் முப்பதுக்கும் அப்பால் போய்விட்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் கிளாப்டனின் பழைய இசைத்தட்டுகளில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை என்பதை அந்த ஜாபிதாக்காரர்கள் கவனித்தார்களா என்பது சந்தேகமே. அந்த 2023-ஆம் ஆண்டின் ஜனவரியில்தான் பெக் காலமானார். அதே மாதத்தில், பதினாறு வயதில் ஸ்தானத்தைத் துறந்த டோபமும் காலமானார்.

இனிச் சொல்ல வேண்டியவர் டிரெஜா. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கோஷ்டியிலேயே இருந்து, முதலில் தாளக் கித்தாராகவும் பிறகு பாஸாகவும் மூவருக்கும் கீழே தளம் போட்டுக்கொடுத்தவர் அவர். மெக்கார்ட்டியையும் அவரையும் விட்டுவிட்டால் எந்த ரேவ்-அப்பும் எழும்பியிராது. கோஷ்டி கலைந்ததும் அவர் வாத்தியத்தை வைத்துவிட்டுப் புகைப்படத் தொழிலுக்குப் போனார். லெட் ஸெப்பலினின் முதல் இசைத்தட்டினுடைய பின்னட்டையில் பேஜும் மற்ற மூவரும் இருக்கும் படம் அவர் எடுத்தது.